ஆர்கோஸ், வெஹேர், செட்டெனில், ரோண்டா: தெற்கு ஸ்பெயினின் வெள்ளை ஊர்களில் எதற்குப் போகலாம்?

ஸ்பெயினுக்கு டிக்கெட் எடுத்த உறவினர்கள், நண்பர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். "செவிலுக்கும் கிரனாடாவுக்கும் நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. அந்த வெள்ளை ஊர்களில் ஒன்றைப் பார்க்க வேண்டும். எந்த ஊர்?" படங்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. எல்லாப் படத்திலும் மலைச்சரிவில் அடுக்கி வைத்த வெள்ளை வீடுகள், உச்சியில் தேவாலயமோ கோட்டையோ, கீழே வளைந்து போகும் ஓர் ஆறு. எல்லாமே அழகு. அதனால்தான் குழப்பம்.

நான் இரண்டு வருடம் இந்தப் பக்கத்து நகரமான ஹெரெஸில் வேலை பார்த்தேன். இந்த நான்கு ஊர்களுக்கும் வெவ்வேறு மாதங்களில் பல தடவை போயிருக்கிறேன். அம்மாவையும் சித்தியையும் இரண்டு ஊர்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பலவற்றில் 'டி லா ஃப்ரொன்டேரா' என்று ஒரு வால் வரும். 'எல்லைப்புறத்து' என்று பொருள். 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1492இல் கிரனாடா விழும்வரை, காஸ்தீல் என்ற கிறிஸ்தவ அரசுக்கும் கிரனாடாவின் முஸ்லிம் அரசுக்கும் இடைப்பட்ட எல்லை இந்தப் பக்கமாகத்தான் போனது. பாறை உச்சியில் ஊர், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய சந்து, நினைத்த இடத்தில் திரும்பும் தெரு எல்லாம் அந்தக் காலத்துப் பயத்திலிருந்து வந்தவை. நம் முழங்காலைப் படுத்தும் ஏற்றமும் அதில் சேர்த்தி.

வெள்ளை நிறம் சுண்ணாம்பு. நம் ஊரில் பொங்கலுக்கு முன்னால் அடிப்போமே, அதேதான். வெயிலைத் திருப்பி அனுப்பும், பூச்சி அண்டாது. ஆர்கோஸில் ஒரு வாசற்படி ஓரத்தில் பெயர்ந்திருந்த பொருக்கை எடுத்துப் பார்த்தேன். விரல் அகலத்துக்குக் கனம். வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக, வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு. அதனால்தான் பழைய தெருக்களில் சுவரின் மூலைகள் கூராக இல்லாமல் உருண்டு போயிருக்கும். இப்போது பல வீடுகளில் பிளாஸ்டிக் பெயின்ட் வந்துவிட்டது. அருகில் உள்ள மொரோன் ஊரில் சுண்ணாம்புச் சூளைத் தொழிலைக் காப்பாற்ற எடுத்த முயற்சியை யுனெஸ்கோ 2011இல் அங்கீகரித்தது.

## எதை வைத்து முடிவு செய்வது?

ஊரைத் தேர்வு செய்வதற்கு முன்னால், இரவு தங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல். காலை 11 மணியிலிருந்து மாலை 5 மணிவரை இந்த ஊர்கள் சுற்றுலாப் பஸ்களுக்குச் சொந்தம். 2 மணிக்கு மேல் கடைகளும் பல தேவாலயங்களும் கதவைச் சாத்திவிடும். 5 மணிக்குத்தான் திறக்கும். பகல் நேரப் பயணத்தில் வருகிறவர்களுக்குக் கிடைப்பது உச்சி வெயிலும் சாத்திய கதவும்தான். மாலை 7 மணிக்குப் பாட்டிமார்கள் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் ஊர் ஊராகிறது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 9:45 ஆகும். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் நாம் போகிறோம்.

அடுத்து, உங்களோடு வருகிறவர்களின் கால். அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இதைப் பின்னால் யோசித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கூழாங்கல் பதித்த தெரு, மழை பெய்தால் வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கஷ்டம்.

மூன்றாவது, கார் ஓட்டுவீர்களா? நான்காவது, எந்த மாதம்? ஐந்தாவது, சாப்பாடு, நீங்கள் சைவம் என்றால் இது பெரிய விஷயம். கடைசியாக, டிக்கெட் விலையில் தெரியாத செலவுகள். இனி ஊர் ஊராகப் பார்க்கலாம்.

## ஆர்கோஸ் டி லா ஃப்ரொன்டேரா: ஆற்றுக்கு மேலே, பாறை விளிம்பில்

குவாதலேத்தே ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. நடுவில் நீண்டு நிற்கும் பாறையின் முதுகில் ஊர். 11ஆம் நூற்றாண்டில் சில காலம் இது தனி முஸ்லிம் சிற்றரசாகவே இருந்தது. ஹெரெஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான்.

உச்சியில் கபில்தோ சதுக்கம் என்று ஒரு முற்றம். ஒரு பக்கம் சாந்தா மரியா தேவாலயம், இன்னொரு பக்கம் அரசு நடத்தும் பழைய மாளிகை விடுதி. நாலாவது பக்கம் ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் வெறும் காற்று. கீழே ஆறும் வயலும் ஆலிவ் தோப்பும். பாறை இடுக்குகளில் சின்ன வல்லூறுகள் கூடு கட்டியிருக்கும். அவை நம் காலடிக்குக் கீழே பறக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்ற அம்மா, "இத்தனை வயசுல பருந்தோட முதுகை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். ஹெரெஸில் இருந்த இரண்டு வருடத்தில் அந்த ஊரைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

பழைய ஊரில் இரண்டு பெரிய தேவாலயங்கள்: சாந்தா மரியா, சான் பெத்ரோ. எது முதன்மை என்று இரண்டு தரப்புக்கும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. கடைசியில் ரோம் வரை போய், 1764இல் சாந்தா மரியாவுக்குத்தான் முதல் இடம் என்று தீர்ப்பு வந்தது. தோற்றுப்போன சான் பெத்ரோக்காரர்கள் ஜெபத்தில்கூட 'சாந்தா மரியா' என்று சொல்ல மறுத்து, 'சான் பெத்ரோ, தேவமாதாவே' என்று சொன்னார்களாம். ஊரில் இன்றும் சொல்லும் கதை இது. காஞ்சிபுரத்து வடகலை தென்கலை வழக்குகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சாந்தா மரியாவின் கோபுரத்தைப் பாருங்கள். 1755 லிஸ்பன் பூகம்பத்தில் பழைய கோபுரம் சேதமானது. திரும்பக் கட்டத் தொடங்கியது முழு உயரத்துக்குப் போகவே இல்லை. கோட்டை தனியாருக்குச் சொந்தம், உள்ளே விட மாட்டார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தவற விடக்கூடாத ஒன்று கன்னியர் மடம். உள்ளே இருக்கும் சகோதரிகள் வெளி ஆட்கள் முன் வருவதில்லை. சுவரில் சுழலும் மரப் பெட்டி ஒன்று பதித்திருக்கிறது. மணியை அழுத்தினால் உள்ளிருந்து குரல் வரும். என்ன வேண்டும் என்று சொல்லிப் பணத்தை வைத்தால் பெட்டி சுழன்று உள்ளே போகும். திரும்பி வரும்போது பிஸ்கட் டப்பாவும் மீதிச் சில்லறையும் இருக்கும். சித்தி, "முகத்தைப் பாக்காமலே தேங்க்யூ சொல்லணுமா?" என்று கேட்டார். சொன்னோம். உள்ளிருந்து பதில் வந்தது. சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஊர் பிஸ்கட் வகைகளில் பொல்வொரோன், மன்தெக்காதோ இரண்டும் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் செய்பவை. 'மன்தெக்கா' என்ற சொல்லைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதாமும் முட்டையும் மட்டும் சேர்ந்தவையும் இருக்கும், கேட்டு வாங்கலாம்.

கார் இல்லாமல்: ஹெரெஸிலிருந்தும் காடிஸிலிருந்தும் பஸ் உண்டு. ஹெரெஸிலிருந்து வருவதுதான் சுலபம், ஏனென்றால் செவிலிலிருந்து ஹெரெஸுக்கு நல்ல ரயில் இருக்கிறது. சனி, ஞாயிறு பஸ் குறையும். பஸ் நிலையம் கீழே புது ஊரில். மேலே போகச் சின்னப் பஸ் ஒன்று ஓடும், இல்லையென்றால் டாக்சி.

மறைந்த செலவு: கார்தான். கூகுள் காட்டும் வழியில் உச்சிவரை போக நினைக்காதீர்கள். தெரு குறுகிக்கொண்டே வரும். இரண்டு பக்கச் சுவரிலும் ஊர்ப்பட்ட கார்கள் உரசிய கோடுகள் தெரியும். முதல் தடவை போனபோது என் வாடகைக் காரின் பக்கக் கண்ணாடியும் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு வந்தது. அதற்கு வாடகை நிறுவனம் கழித்த தொகையில் இன்னொரு இரவு தங்கியிருக்கலாம். கீழே பார்க்கிங்கில் விட்டு ஏறுங்கள்.

வெயில்: ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தொடும் நாள்களும் உண்டு. மார்ச் முதல் மே, அக்டோபர், நவம்பர் நல்ல காலம்.

## வெஹேர் டி லா ஃப்ரொன்டேரா: கடல் காற்று வரும் ஊர்

பர்பாத்தே ஆற்றுக்கு மேலே சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. அதன் தலையில் பழைய மதிலோடு ஊர். நான்கில் மனதுக்கு இதமானது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆர்கோஸில் பார்வை கீழே விழும். வெஹேரில் உள்ளே போகும். திறந்திருக்கும் வாசலில் எட்டிப் பார்த்தால் நடுமுற்றம், சுவர் முழுக்கத் தொட்டிச் செடி, கிணறு. நம் பழைய முற்றம் வைத்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு ஒரு நிமிடம் நெஞ்சு அடைக்கும்.

மதிலில் நான்கு வாயில்கள். ஒன்றின் பெயர் 'சாத்திய வாயில்'. கடற்கொள்ளையர் வரும் திசை அது என்பதால் நெடுங்காலம் மூடியே வைத்திருந்தார்கள். இங்கே பெண்கள் ஒரு காலத்தில் உடல் முழுக்கக் கறுப்புப் போர்வை போர்த்தி, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு நடந்தார்கள். 'கொபிஹாதா' என்று பெயர். 1930களில் அதற்குத் தடை வந்தது. ஆகஸ்ட் திருவிழாவில் இப்போதும் அந்த உடை வெளியே வரும். முஸ்லிம் உடை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். காஸ்தீல் பக்கத்திலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. மொராக்கோவின் நீல ஊரான ஷெஃப்ஷாவனை 1471இல் நிறுவியவரின் மனைவி வெஹேர்ப் பெண் என்றும், அவர் ஏங்கியதால்தான் அந்த ஊர் வெஹேர் சாயலில் எழுந்தது என்றும் சொல்வார்கள். இரண்டும் இன்று சகோதர நகரங்கள். வானம் தெளிவாக இருந்தால் குன்றிலிருந்து ஆப்பிரிக்கா தெரியும்.

ஊருக்குள் ஸ்பெயின் சதுக்கம். பீங்கான் தவளைகள் நீர் கக்கும் ஒரு நீரூற்று, சுற்றிப் பனை மாதிரி மரங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் மாலையை அங்கே கழிக்கலாம். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் எல் பல்மார் கடற்கரை. 1805இல் நெல்சன் இறந்த கடற்போரின் ட்ரஃபால்கர் முனையும் பக்கம்தான்.

கார் இல்லாமல்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காடிஸிலிருந்து அல்ஹெசீராஸ் போகும் பல பஸ்கள் 'லா பார்கா டி வெஹேர்' என்ற இடத்தில் இறக்கிவிடும். அது குன்றின் அடிவாரம், ஆற்றங்கரை. ஊர் தலைக்கு மேலே. பெட்டியோடு நடந்து ஏறுவது நடக்கிற காரியம் இல்லை, டாக்சி பிடியுங்கள். ஊருக்குள்ளேயே போகும் பஸ்ஸும் உண்டு, டிக்கெட் எடுக்கும்போது எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

மறைந்த செலவு: ஆகஸ்டில் விடுதி விலை ஏறிவிடும், கடற்கரைக் கூட்டம் மொத்தமும் இங்கே தங்க வரும். பார்க்கிங்குக்கு அரை மணி நேரம் சுற்றுவீர்கள். இன்னொரு செலவு காற்று. 'லெவாந்தே' என்ற கிழக்குக் காற்று பிடித்தால் நாள்கணக்கில் விடாது. தொப்பி பறக்கும், மாடியில் சாப்பிட முடியாது, தூக்கமும் கெடும்.

வெயில்: மற்ற மூன்றும் கொதிக்கும்போது வெஹேர் தாங்கக்கூடியதாக இருக்கும். கோடையில் வேறு வழியில்லை என்றால் இதுதான்.

## செட்டெனில் டி லாஸ் பொடேகாஸ்: பாறையே கூரை

படங்களில் அதிகம் சுற்றுவது இந்த ஊர்தான். ஒரு சின்ன ஆறு அரித்து உருவாக்கிய பள்ளத்தில், பிதுங்கி நிற்கும் பாறைக்கு அடியில் வீடு கட்டியிருக்கிறார்கள். குகை தோண்டவில்லை. இருக்கிற பாறைக்கு முன்னால் ஒரு சுவர் எழுப்பி வெள்ளை அடித்தால் வீடு தயார். 'நிழல் குகைத் தெரு'வில் பாறை தெருவையே மூடிக்கொண்டு எதிர் வீட்டின் மேல் சாய்ந்திருக்கும். 'வெயில் குகைத் தெரு'வில் காப்பிக் கடைகள்.

ஊர்ப் பெயருக்கு 'ஏழு தடவையும் ஒன்றுமில்லை' என்று ஒரு லத்தீன் விளக்கம் சொல்வார்கள். கிறிஸ்தவப் படைகள் ஏழு முறை முற்றுகையிட்டுத் தோற்றனவாம். 1484இல் பீரங்கி கொண்டுவந்த பிறகுதான் ஊர் விழுந்தது.

மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். இரண்டு தெருவைப் பார்த்து, மேலே ஏறிக் கோட்டைக் கோபுரத்தைப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பகல் 12 மணிக்கு அந்த இரண்டு தெருவிலும் தேர்த்திருவிழாக் கூட்டம். செவிலிலிருந்து வரும் ஒருநாள் சுற்றுலாக்களில் பல ரோண்டாவோடு இதையும் சேர்த்து, ஒரு மணி நேரம் நிறுத்தும். அதில் வந்தால் பாறைக்கு அடியில் உங்கள் படத்தில் முப்பது பேர் இருப்பார்கள். காலை 9 மணிக்கு முன்னால் போங்கள். ரோண்டாவிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். அப்போது தெருவைக் கழுவிவிட்டுக்கொண்டிருப்பார்கள். பாறை குளிர்ந்து, கை வைத்தால் ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் இது நான்கிலும் விசித்திரமான ஊர்.

கார் இல்லாமல்: கஷ்டம். ரோண்டாவிலிருந்து பஸ் மிகக் குறைவு. ரயில் வரைபடத்தில் 'செட்டெனில்' என்று ஒரு நிலையம் தெரியும். நம்பி இறங்காதீர்கள், ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி.

சாப்பாடு: பன்றி இறைச்சிக்குப் பெயர் போன ஊர். சைவக்காரர்கள் தக்காளி தேய்த்த ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் சாப்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டை ரோண்டாவில் வைத்துக்கொள்வது நல்லது.

## ரோண்டா: பெரிய ஊர், பெரிய பாலம்

கிராமம் இல்லை, முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கும் நகரம். குவாதலெவீன் ஆறு அறுத்த பள்ளத்தின் மேல் 1793இல் முடிந்த புதுப் பாலம், 98 மீட்டர் உயரம். இதற்கு முன்னால் அவசரமாகக் கட்டிய பாலம் 1741இல் இடிந்து சுமார் ஐம்பது பேர் செத்தார்கள். அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்து, பள்ளத்தின் அடியிலிருந்தே தூண் எழுப்பிக் கட்டினார்கள். மேலே நின்று பார்ப்பதைவிட, பள்ளத்துக்குள் இறங்கும் பாதையில் பாதி தூரம் போய் நிமிர்ந்து பார்த்தால்தான் அந்த வேலையின் அளவு புரியும்.

13ஆம் நூற்றாண்டு அரபுக் குளியல் இல்லம் நன்றாக நிற்கிறது. கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள், அவற்றின் வழியே தரையில் வெயில் பொட்டுகள். 1785இல் திறந்த காளைப் போர் அரங்கமும் உண்டு. ஜல்லிக்கட்டு மாதிரி என்று நினைத்து டிக்கெட் எடுக்க வேண்டாம். அங்கே காளையைக் கொல்வார்கள். வெறும் அரங்கத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

ரோண்டாவுக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் ரயிலுக்கு. அல்ஹெசீராஸிலிருந்து மலை வழியாக வரும் பாதை 1890களில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் போட்டது. பயணமே பார்க்க வேண்டிய ஒன்று. பாலத்துப் பக்கம் நடை பெரும்பாலும் சமதரை. ஊர் 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் கோடை இரவு குளிரும், ஜனவரியில் நன்றாகவே குளிரும். சைவச் சாப்பாடும் இங்கேதான் சுலபம்.

ஆனால் வெள்ளை ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களுக்கு ரோண்டா முழுத் திருப்தி தராது. பாலம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

## ஒரு பார்வையில்

| | ஆர்கோஸ் | வெஹேர் | செட்டெனில் | ரோண்டா |
|---|---|---|---|---|
| ஆறு | குவாதலேத்தே | பர்பாத்தே | சின்ன ஆறு, ஊருக்குள்ளேயே | குவாதலெவீன் |
| தேவையான நேரம் | ஓர் இரவு | ஓர் இரவு, முடிந்தால் இரண்டு | 2 மணி நேரம் | முக்கால் நாள் அல்லது ஓர் இரவு |
| கார் இல்லாமல் | முடியும் | முடியும், அடிவாரத்தில் டாக்சி | கஷ்டம் | ரயிலே உண்டு |
| முழங்கால் வலி | மேலே விட்டுவிட்டால் சமாளிக்கலாம் | படிகள் அதிகம் | கீழ்த் தெரு சமதரை | நான்கில் சுலபம் |
| ஜூலை, ஆகஸ்ட் | வேண்டாம் | சரி, காற்றைப் பொறுத்து | அதிகாலை மட்டும் | பகல் சூடு, இரவு இதம் |
| சைவம் | சமாளிக்கலாம் | பரவாயில்லை | கஷ்டம் | சுலபம் |

## அப்படியென்றால் யாருக்கு எது?

ஓர் ஊர், ஓர் இரவு, முதல் தடவை, வெயில் இல்லாத மாதம் என்றால் யோசிக்காமல் ஆர்கோஸ். மலை, ஆறு, சந்து, தேவாலயம், கன்னியர் பிஸ்கட் எல்லாம் கால் மணி நேர நடைக்குள் இருக்கின்றன. பெற்றோரை அழைத்துப் போனால் டாக்சியில் நேராக மேலே போய் இறங்கி, சதுக்கத்தை ஒட்டியே தங்குங்கள். அம்மா அன்று மொத்தம் ஐந்நூறு அடிகூட நடந்திருக்க மாட்டார். குறை எதுவும் வைக்கவில்லை.

பள்ளி விடுமுறையில்தான் வர முடியும், குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் வெஹேர். காலையில் கடல், மதியம் தூக்கம், மாலையில் ஊர். பெரியவர்களுக்கு ஏற்றம் கடினம்தான். மதிலுக்குள்ளேயே ஆனால் சதுக்கத்துக்குப் பக்கமாக அறை கேளுங்கள்.

கார் ஓட்ட விருப்பம் இல்லை, மாலகாவில் இறங்குகிறீர்கள், ஒரே நாள்தான் என்றால் ரோண்டா. அதிலும் ஓர் இரவு தங்கினால், மறுநாள் விடிகாலை டாக்சி பேசிச் செட்டெனிலை எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். நான்கு பேர் பகிர்ந்தால் சுற்றுலாப் பஸ் டிக்கெட்டைவிட அதிகம் ஆகாது என்று என் அனுபவம்.

செட்டெனிலை மட்டும் குறிவைத்து செவிலிலிருந்து போய்வருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். போக வர ஏறக்குறைய நான்கு மணி நேரம், பார்க்க இரண்டு மணி நேரம். அந்த நாளை ஆர்கோஸுக்குக் கொடுங்கள்.

ஈஸ்டர் வாரம் தனிக் கதை. செமானா சாந்தா ஊர்வலங்களை இந்தச் சந்துகளில் பார்ப்பது மறக்க முடியாத அனுபவம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுமைதாரர்கள் திரும்ப இடமில்லாமல் அங்குலம் அங்குலமாகப் பல்லக்கைத் திருப்புவார்கள்; நம் ஊர்த் தேர் முக்கில் திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அதே நிலை. ஆனால் அறை விலை இரட்டிப்பாகும், தெருக்கள் மூடப்படும். ஈஸ்டர் ஞாயிறு அன்று ஆர்கோஸிலும் வெஹேரிலும் தெருவில் காளை ஓடவிடுவார்கள். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் இருந்தால் அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

## கார் எடுப்பவர்களுக்கு

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை நிறுவனங்கள் முன்பணத்தை ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைக்கும். டெபிட் கார்டு மட்டும் இருந்தால் அதிக விலைக் காப்பீட்டை அவர்களிடமே வாங்கச் சொல்லி நிற்பார்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், விலையும் கூடும். மாலகாவில் எடுத்து செவிலில் விட்டால் தனிக் கட்டணம். முடிந்தவரை சின்னக் கார் எடுங்கள். நாலு பேர், நாலு பெட்டி என்று பெரிய கார் எடுத்தால் அதை நிறுத்த இடம் தேடியே மாலை போய்விடும். ஒரு நல்ல செய்தி: செவிலுக்கும் காடிஸுக்கும் இடையே உள்ள நெடுஞ்சாலையில் 2020 ஜனவரி முதல் சுங்கம் கிடையாது.

## சைவச் சாப்பாடு

"நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறிச் சாலட்டில் டூனா மீன் வரும், சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் குழம்பின் மேல் பன்றித் தொடைத் துணுக்குகள் தூவி வரும். "சின் ஹமோன், சின் ஆத்தூன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பன்றியும் வேண்டாம், டூனாவும் வேண்டாம் என்று பொருள். நம் நாக்குக்குப் பிடிப்பவை: சீரகம் போட்ட கீரையும் கொண்டைக்கடலையும், கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், முட்டை சாப்பிடுவோர்க்கு உருளைக்கிழங்கு ஆம்லெட். இரவுச் சாப்பாட்டுக் கடைகள் எட்டரை மணிக்கு முன்னால் அடுப்பே பற்ற வைக்காது. பெரியவர்கள் மாத்திரை போடுகிறவர்கள் என்றால் மதியமே சூப்பர் மார்க்கெட்டில் பழம், தயிர், ரொட்டி வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அன்று அதுவும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்குங்கள்.

ஆர்கோஸில் அறை பதிவு செய்யும்போது ஒன்று கேளுங்கள்: ஜன்னல் பாறைப் பக்கமா, தெருப் பக்கமா என்று. பாறைப் பக்கம் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுங்கள். காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் ஆற்றின் மேல் மூடுபனி இருக்கும், வல்லூறுகள் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மேலே வரும்.